மில் கை மாறினால் நம் சர்வீஸ் என்ன ஆகும்?



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நம் குழு உறுப்பினர்கள் பலர் வீட்டில் யாராவது ஒருத்தர் நூல் மில் வேலைக்குப் போகிறார். குழுக்கடன் தவணையும் அந்தச் சம்பளத்தில்தான் கட்டுகிறோம். "ஒரு யூனிட்டை மட்டும் வேற முதலாளிக்கு விக்கப் போறாங்களாம், எங்க வேலை என்னாகும்?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

விற்கும் முன் நம்மைக் கேட்க வேண்டுமா?

இங்கிலாந்தில் ஒரு தொழிலை விற்கும்போது தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், வேலையில் மாற்றம் வருமென்றால் கலந்து பேசவும் வேண்டும். நம் நாட்டில் விற்பனைக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் நாம் ஆடு மாடு இல்லை, மில்லோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போவதற்கு. கொல்கத்தாவில் பிலிப்ஸ் கம்பெனி தன் தொழிற்சாலையை விற்ற வழக்கில், 2011ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சம்மதம் இல்லாமல் ஒருவரைப் புது நிர்வாகத்தில் வேலை பார்க்கக் கட்டாயப்படுத்த முடியாது. போக மறுப்பவருக்கு நஷ்டஈடு உண்டு.

சட்டம் என்ன தருகிறது?

1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டத்துக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. நிர்வாகம் கை மாறும்போது, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு நோட்டீசும் நஷ்டஈடும் உண்டு. 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஒரு வருஷ சர்வீஸ் கணக்கு.

புது முதலாளி கீழ்க்கண்ட மூன்றையும் ஏற்றுக்கொண்டால் நஷ்டஈடு தர வேண்டியதில்லை:

1. சர்வீஸ் இடையில் முறியக் கூடாது.
2. சம்பளமும் சலுகையும் குறையக் கூடாது.
3. பின்னால் ஆட்குறைப்பு வந்தால் பழைய வருஷங்களையும் சேர்த்தே நஷ்டஈடு தர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு, ஒருவர் நாள் சம்பளம் 500 ரூபாய், சர்வீஸ் 8 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டு எடுத்தால் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்: 500 × 15 × 8 = 60,000 ரூபாய். இதோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம். ஐந்து வருஷம் முடித்திருப்பதால் பணிக்கொடையும் ஏறக்குறைய இதே அளவு வரும். மறுதிறன் நிதியில் இருந்து 15 நாள் சம்பளமும் 45 நாளுக்குள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பி.எஃப். பணம் இதில் சேராது, அது தனி.

300 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற மில்லில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதியும் மூன்று மாத நோட்டீசும் வேண்டும்.

நோக்கியா சொல்லும் பாடம்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் கிராமத்துப் பெண்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். 2013 செப்டம்பரில் அந்தக் கம்பெனி செல்போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தது. வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால், 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது இந்தத் தொழிற்சாலை மட்டும் விடுபட்டுப் போனது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது: ஒரு பகுதியை விற்கும்போது, விற்காமல் மிச்சம் வைத்த பகுதியில் இருப்பவர்களுக்கும் ஆபத்து வரலாம். அடுத்தது, விருப்ப ஓய்வு என்பது ஆட்குறைப்பு ஆகாது. "நானாகவே விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு ஆட்குறைப்பு நஷ்டஈடு கேட்க முடியாது. தருகிற தொகை சட்டப்படி வருவதைவிடக் கூடுதலா என்று கணக்குப் பார்த்த பிறகே கையெழுத்து.

நாம் செய்ய வேண்டியவை

* வெற்றுத்தாளிலோ, படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். "புது கம்பெனியில் சேர முதலில் ராஜினாமா கொடு" என்றால் உஷார்! எட்டு வருஷ சர்வீஸ் அன்றோடு போய்விடும்.
* சர்வீஸ் தொடரும் என்று பழைய தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.
* சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.
* கான்ட்ராக்டில் இருப்பவர்கள் தங்கள் முதலாளி மில்லா, கான்ட்ராக்டரா என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.
* தனியாகப் போகாமல் நாலு பேர் சேர்ந்து, சங்கம் இருந்தால் சங்கத்தோடு, தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். தகராறு வந்து இரண்டு வருஷம் தாண்டினால் சமரசத்துக்கு எடுக்க மாட்டார்கள்.
* வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி: 15100.

குழுவில் பேசுவதற்கு

1. உங்கள் வீட்டில் மில்லுக்குப் போகிறவர் எந்தத் தேதியில் சேர்ந்தார்? அதற்கு ஆதாரம் கையில் உள்ளதா?
2. இன்று வேலை போனால் சட்டப்படி எவ்வளவு வர வேண்டும்? கணக்காளர் உதவியோடு ஒவ்வொருவரும் போட்டுப் பாருங்கள்.

குழுப் பாஸ்புக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் நாம் கேட்காமல் விடுவதில்லை. வருஷக்கணக்கில் உழைத்த சர்வீஸையும் அதே போல எண்ணிக் கேட்போம்.