நாடாளுமன்றத்துக்குச் செல்லும் வழி எது?

தேக்கா சந்தையில் காலை நேரத்தில் நடந்து சென்றால் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளையும் கேட்கலாம். லிட்டில் இந்தியா என்று பெயர் இருந்தாலும், அந்த வட்டாரம் அடங்கிய தொகுதியில்கூட இந்தியர்கள் பெரும்பான்மையினர் அல்லர். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் சுமார் 74 விழுக்காட்டினர் சீனர்கள், 13.5 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். 9 விழுக்காட்டினர் இந்தியர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ்வதற்காக, 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் நடப்பில் உள்ளது. எனவே, சிறுபான்மை இன வேட்பாளர் ஒருவர் தம் இனத்தவரின் வாக்குகளை மட்டும் நம்பி எந்தத் தொகுதியிலும் வெற்றி பெற முடியாது.

அப்படியானால், சிறுபான்மையினருக்கு நாடாளுமன்றத்தில் இடம் கிடைப்பதை எப்படி உறுதிசெய்வது? வாக்காளர்கள் இன அடிப்படையில் வாக்களிக்கக்கூடும் என்று 1980களில் அரசாங்கம் கவலைப்பட்டது. அதன் விளைவாக 1988இல் குழுத்தொகுதி முறை அறிமுகமானது. இம்முறையில் வேட்பாளர்கள் குழுவாகப் போட்டியிடுகின்றனர். ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒருவராவது இடம்பெற வேண்டும். வாக்காளர் ஒரு குழுவுக்கே வாக்களிக்கிறார். அதிக வாக்குகள் பெறும் குழுவிலுள்ள அனைவரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆகின்றனர். தொடக்கத்தில் மூவர் இருந்த குழுவில் இன்று நால்வர் அல்லது ஐவர் உள்ளனர்.

இந்த முறையை நீக்க வேண்டும் என்று வாதிட்ட கட்சிகளுள் ஒன்று சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி. 2019இல் தொடங்கப்பட்ட அச்சிறிய கட்சி, 2020 பொதுத்தேர்தலில் வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் 48 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்றது. ஆயினும், அங்கிருந்த ஐந்து இடங்களும் மக்கள் செயல் கட்சிக்கே சென்றன. குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களுக்கு வழங்கப்படும் தொகுதியில்லா உறுப்பினர் இடங்கள் மூலம், அக்கட்சியின் ஹேசல் புவாவும் லியோங் மன் வாயும் நாடாளுமன்றத்தில் நுழைந்தனர்.

அவர்கள் 2023 ஜூலை மாதத்தில், குழுத்தொகுதி முறையை நீக்கக் கோரும் தீர்மானத்தை முன்வைத்தனர். இம்முறை சிறிய கட்சிகளுக்குப் பெரும் தடையாக இருக்கிறது என்பது அவர்களின் முக்கிய வாதம். தனித்தொகுதியில் போட்டியிட ஒரு வேட்பாளர் போதும். குழுத்தொகுதிக்கோ நால்வர் அல்லது ஐவர் தேவை. வைப்புத்தொகையும் கூடும். 2020இல் வேட்பாளர் ஒருவருக்கு அத்தொகை 13,500 வெள்ளி. ஐவர் குழுவுக்கு 67,500 வெள்ளி. மேலும், குழுவில் அமைச்சர் ஒருவர் இருந்தால், அவருடைய செல்வாக்கினாலேயே புதியவர்களும் வெற்றி பெறக்கூடும்.

இன்றைய வாக்காளர்கள் இனத்தைவிடத் தகுதியையே பார்க்கின்றனர் என்றும் இம்முறையை விமர்சிப்போர் கூறுகின்றனர். 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் தனியாக நின்று வென்றவர் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம். சுதந்திரத்திற்குப் பிறகு தேர்தலில் வென்ற முதல் எதிர்க்கட்சி வேட்பாளர் அவர்தான். 2016இல் புக்கிட் பாத்தோக் தனித்தொகுதியில், மக்கள் செயல் கட்சியின் முரளி பிள்ளை 61 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றார். இருவரும் சிறுபான்மை இனத்தவர்கள்.

அரசாங்கத் தரப்பு இதை வேறு கோணத்தில் பார்க்கிறது. சிலர் வென்றதால், எல்லாத் தேர்தல்களிலும் சிறுபான்மையினர் வெல்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாடாளுமன்றத்தில் ஓர் இனத்தின் குரலே ஒலிக்காமல் போனால், இன நல்லிணக்கம் பாதிக்கப்படும். எல்லா இனத்தவரின் ஆதரவும் தேவைப்படுவதால், கட்சிகள் இன உணர்வைத் தூண்டிப் பிரசாரம் செய்யவும் தயங்கும். எதிர்க்கட்சிகளால் குழுத்தொகுதியில் வெல்லவே முடியாது என்றும் சொல்ல இயலாது. பாட்டாளிக் கட்சி 2011இல் அல்ஜுனிட்டிலும் 2020இல் செங்காங்கிலும் வென்றது. ஆயினும், அக்கட்சியும் குழுத்தொகுதி முறை வேண்டாம் என்றே கூறிவருகிறது.

தீர்மானம் தோற்றது. 2025 பொதுத்தேர்தலில் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனால், அது எழுப்பிய கேள்வி மறையவில்லை.

சிறுபான்மையினரின் குரல் நாடாளுமன்றத்தில் ஒலிக்க வேண்டும் என்பதில் இரு தரப்பினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கான வழியில்தான் வேறுபாடு. குழுவாக வென்ற சிறுபான்மை உறுப்பினரிடம், "தனியாக நின்றிருந்தால் வென்றிருப்பீர்களா?" என்று ஒருவர் கேட்டால், அவரால் உறுதியாகப் பதில் சொல்ல இயலாது. தனியாக நின்று அவர் தோற்றாலோ, அந்த இழப்பு அவரோடு முடிந்துவிடாது; அவர் சார்ந்த சமூகத்தின் குரலும் குறையக்கூடும். இவ்விரண்டில் எதை ஏற்பது எளிது? சிங்கப்பூரில் வாக்களிக்கும் வயது 21. இன்று வகுப்பறையில் இதைப் படிக்கும் மாணவர்கள், இன்னும் சில ஆண்டுகளில் வாக்குச்சீட்டைக் கையில் ஏந்தும்போது, இந்தக் கேள்வியும் அவர்கள் முன் நிற்கும்.