பெரும்பாறைக்குப் பூங்கா வேண்டுமா?

கேள்வி: கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் போல, பெரும்பாறையிலும் சமவெளியைப் பார்க்க ஒரு மலையுச்சிப் பூங்கா அமைத்தால் என்ன?

பதில்: காட்சிமேடை போதும், பெரிய கார் நிறுத்தத்தோடு பூங்கா வேண்டாம். 1872-இல் அமைந்த கோக்கர்ஸ் வாக்கின் அருமையே அது நடைபாதை என்பதுதான். வாகன நெரிசலால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. பெரும்பாறையின் அழகு காபிக்கு நிழல் தரும் மரங்களும் மிளகுக்கொடியும். அவற்றை வெட்டிவிட்டு எதைப் பார்ப்பது? உள்ளூருக்கு வருமானம் வேண்டாமா என்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்குக் கார்தான் வரவேண்டும் என்பதில்லை. ஜப்பானின் ஹகோடாட்டே மலையில், நகர விளக்குகளைக் காண மக்கள் திரளும் மாலை வேளையில் சொந்தக் கார்களுக்கு அனுமதியில்லை. ரோப்காரிலும் பேருந்திலும் கூட்டம் வந்துகொண்டுதான் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கூடுதல் பேருந்துகளை முதலில் கேளுங்கள்.