பழைய படகுக்குப் புது இருக்கை: வெயிலுக்கும் உப்புக்கும் தாங்கும் வினைல் வேலை

கோல சிலாங்கூர்ப் பக்கம் பழைய ஃபைபர் படகு ஒன்றை விலை பேசப் போகிறவர் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்பார், அடிப்பாகத்தில் விரிசல் உண்டா என்று குனிந்து பார்ப்பார். இருக்கையை யாரும் பார்ப்பதில்லை. கிழிந்த வினைல்தானே, பிறகு தைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து உறையை உரிக்கும்போதுதான் உள்ளே கறுத்துப்போன ஸ்பஞ்சும், கையோடு பிய்ந்து வரும் பலகையும் தெரியும். படகின் உட்புறத்தைப் புதுப்பிக்கும் வேலையில் பாதி உழைப்பு, முடிந்த பிறகு யார் கண்ணுக்கும் படாத அந்தப் பலகைக்குப் போகவேண்டும். அதைச் செய்யாமல் எவ்வளவு உயர்ந்த வினைல் போட்டாலும் காசு தண்ணீரில்தான்.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டங்களில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து, ஆற்று இறால் பிடிக்கவும் கழிமுகத்தில் தூண்டில் போடவும் படகு வைத்திருப்பவர்கள் உண்டு. ‘ஸ்கை மிரர்’ மணல்திட்டுக்குப் பயணிகளை ஏற்றிப் போகும் சிறு படகுக்காரர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் இந்த வேலை ஒன்றுதான். கைப்பழக்கம் உள்ள இரண்டு பேர் சேர்ந்தால் வீட்டு முற்றத்திலேயே செய்து முடிக்கலாம்.

காலத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம். ஜூன், ஜூலை ஓரளவு காய்ந்த காலம். பசையும் எப்பாக்சியும் ஈரக் காற்றில் சரியாகப் பிடிக்காது என்பதால் இது முக்கியம். படகைக் கரையேற்றிக் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் தொட்டியைப் படகை விட்டு இறக்கித் தள்ளி வையுங்கள். பின்னால் நாம் பூசப்போகும் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும்.

உரிப்பதும் பலகையும்

இருக்கைகளைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே கைப்பேசியில் படமெடுங்கள். பலகையின் அடியில் எண் எழுதி, படகின் முனைப் பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். துருப்பிடித்த ஸ்குரூக்களை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை உடைந்து தண்டு ஃபைபருக்குள் தங்கிவிடும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டால் பெரும்பாலும் வந்துவிடும்.

பழைய உறையைக் கிழித்தெறிய வேண்டாம். தட்டை ஸ்குரூடிரைவரால் ஸ்டேப்பிள்களை நெம்பியெடுத்து, தையலைப் பிளேடால் பிரித்து, துண்டு துண்டாக வையுங்கள். புது உறைக்கு அதுதான் அளவு. ஆனால் அதையே நம்பி வெட்டவும் கூடாது. பல வருட வெயிலில் வினைல் சுருங்கியிருக்கும். துண்டை அட்டையில் வரைந்தபின், பலகையையும் ஸ்பஞ்சையும் டேப் வைத்து அளந்து கோட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது பலகை. ஸ்குரூடிரைவரின் முனையால் ஓரங்களையும் ஆணித் துளைகளின் சுற்றையும் குத்திப் பாருங்கள். அழுகல் அங்கேதான் முதலில் தொடங்கும். முனை எளிதாக உள்ளே இறங்கினால் அந்தப் பலகையை மாற்றிவிடுங்கள், ஒட்டுப் போடுவதில் பயனில்லை. புதிதாக வாங்கும்போது பிஎஸ் 1088 தரக்குறி உள்ள கடல் பிளைவுட் கிடைத்தால் அதற்கு நிகரில்லை. விலை கட்டுப்படாவிட்டால், நீர் தாங்கும் பசையால் ஒட்டிய 12 மி.மீ. வெளிப்புறப் பிளைவுட் போதும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளை மட்டும் தொடாதீர்கள். ஈரம் பட்டால் உப்பிவிடும், ஸ்டேப்பிளும் நிற்காது.

புதுப் பலகையைப் பழைய அளவுக்கு அப்படியே வெட்டினால், வினைல் சுற்றிய பிறகு அது இடத்தில் உட்காராது. சுற்றிலும் 3 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். மேல் விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்துவிடுங்கள். கூரான விளிம்பு உள்ளிருந்தே வினைலை அறுக்கும். பிறகு ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக 12 மி.மீ. வடிகால் துளைகள் போடுங்கள். துளை போட்ட பிறகுதான் எப்பாக்சி பூசவேண்டும், அப்போதுதான் துளையின் உட்சுவரிலும் பூச்சு இறங்கும். முகப்புக்கு இரண்டு பூச்சு, ஓரங்களுக்கு மூன்று. ஓரம்தான் தண்ணீரை உறிஞ்சும் வாய்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எப்பாக்சி காய்ந்த பிறகு அதன்மேல் மெழுகு தடவியதுபோல் ஒரு வழுவழுப்புப் படியும். ஈரக் காற்றில் இது கூடுதலாக வரும். அதன்மேலேயே அடுத்த பூச்சையோ பசையையோ போட்டால் உரிந்துகொண்டு வரும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும், கழுவித் துடைத்துக் காயவைத்து, லேசாக உப்புத்தாள் போட்டு, பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள்.

ஸ்பஞ்ச்

சோபாவுக்குப் போடும் சாதாரண ஸ்பஞ்ச் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூடிய குமிழ் ஸ்பஞ்ச் தண்ணீரை உள்ளே விடாது, ஆனால் உட்கார்ந்தால் கெட்டியாக இருக்கும். இரண்டு அங்குல மூடிய குமிழ் ஸ்பஞ்சைக் கீழே வைத்து, மேலே ஓர் அங்குலம் மெத்தென்ற ஸ்பஞ்ச் ஒட்டுவது என் கணக்கில் சரியான நடுவழி. தண்ணீர் சல்லடையில் போல வடிந்தோடும் திறந்த குமிழ் ஸ்பஞ்சும் விற்பனையில் உண்டு. திறந்தவெளிப் படகுக்கு அதுதான் மிகச் சிறந்தது, விலைதான் கூட. ஸ்பஞ்சைப் பலகையைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் பெரிதாக வெட்டினால் உறை விறைப்பாக நிற்கும்.

சிலர் ஸ்பஞ்ச் முழுவதையும் பிளாஸ்டிக் தாளில் பொதிந்துவிடுவார்கள். தையல் துளை வழியாக ஒரு சொட்டு இறங்கினாலும் அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புழுங்கும். தாள் போடத்தான் வேண்டுமென்றால் மேலும் பக்கவாட்டிலும் போடுங்கள், அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள்.

வெளிர்நிற இருக்கைகளில் ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை பார்த்திருப்பீர்கள். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. காரணம், அது மேலிருந்து பட்ட அழுக்கு அல்ல. உள்ளே ஈர ஸ்பஞ்சில் வளரும் நுண்ணுயிர்கள் விடும் சாயம், வினைலை மிருதுவாக வைக்கும் எண்ணெய்ப் பொருளில் கரைந்து மேலே வருகிறது. அந்தக் கறை தெரிந்துவிட்டால் உள்ளே ஸ்பஞ்ச் போய்விட்டது என்று பொருள். உறையை மட்டும் மாற்றினால் புது உறையிலும் வந்துவிடும்.

வினைல் வாங்கும்போது

குஷன் கடையில் ‘தோல்’ என்று காட்டுவதில் இரண்டு வகை கலந்திருக்கும். ஒன்று பிவிசி, மற்றது பியூ. பியூ தொட்டால் பட்டுப்போல் இருக்கும், பார்க்கவும் அழகு. நம் ஈரக் காற்றில் அது சிதைந்து செதில் செதிலாக உரியும், வீட்டுச் சோபாக்களில் பலரும் கண்டதுதான். படகுக்கு அது வேண்டவே வேண்டாம். படகு வினைல் என்று கேட்டு வாங்குங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானமும், பூஞ்சை பிடிக்காத மருந்தும் அதில் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பாலியெஸ்டர் பின்னல் துணியாக இருக்கவேண்டும், பருத்தி என்றால் மக்கிவிடும்.

நிறத்தில் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். பகலில் ஓடும் படகில் கறுப்பு இருக்கை தொடையைச் சுட்டுவிடும். தூய வெள்ளை கண்ணைக் கூசும், சேற்றுக் கறையும் அப்படியே தெரியும். வெளிர் சாம்பலும் மணல் நிறமும்தான் ஆற்றுக்கும் கடலுக்கும் பொருந்தும். வினைல் சுருள் பெரும்பாலும் 54 அங்குல அகலம். எல்லாத் துண்டுகளின் அட்டை வடிவத்தையும் வீட்டுத் தரையில் அந்த அகலத்துக்குள் அடுக்கிப் பார்த்துவிட்டு நீளத்தைக் கணக்கிடுங்கள், அரை மீட்டர் கூடுதலாக வாங்குங்கள்.

வெட்டும் தையலும்

வினைல் ஒரு பக்கம் அதிகமாக இழுபடும், மறுபக்கம் குறைவாக. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, எல்லாத் துண்டுகளையும் ஒரே போக்கில் வெட்டுங்கள். தையலுக்கு அரை அங்குலம் விடுங்கள். குண்டூசி குத்தக் கூடாது. வினைலில் விழுந்த துளை மூடாது. துணி கவ்வும் சிறு கிளிப்புகள் போதும்.

தோட்டத்து வீடுகளில் இருக்கும் பழைய மிதி மெஷின் இரண்டு அடுக்கு மெல்லிய வினைலைத் தைத்துவிடும். பைப்பிங் வைத்த இடத்தில் நாலு அடுக்கு சேரும்போது திணறும். அதற்கு மேல் பாதமும் சேர்ந்து நடக்கும் பெரிய மெஷின் வேண்டும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். இன்றும் குலை ஏற்றும் லோரிகள் ஓடும் ஊர்கள் இவை. லோரி இருக்கை தைத்துப் பழகிய குஷன் கடைக்காரரிடம் வெட்டிய துண்டுகளைக் கொடுத்து, தையல் கூலி மட்டும் பேசிக்கொள்வது புத்திசாலித்தனம். நூலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூல், டெக்ஸ் 90 பருமன். ஊசி 18ஆம் எண். பருத்தி நூல் இற்றுவிடும். தையல் ஒவ்வொன்றும் 4 மி.மீ. நீளம் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைப்பது தவறு, தபால்தலை ஓரம்போல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

உட்காரும் பரப்பின் நடுவில் அலங்காரத் தையல் ஓடவிடாதீர்கள். மழைத்தண்ணீர் தேங்கி ஊசித்துளை வழியாக இறங்குவது அங்கேதான். தையலைப் பக்கவாட்டுக்கு இறக்கிவிடுங்கள். ஜிப் வைப்பதென்றால் பிளாஸ்டிக் பல் உள்ளதுதான்.

அடித்துப் பொருத்துதல்

ஸ்டேப்பிள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கவேண்டும். கடையில் சந்தேகம் வந்தால் ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். சாதாரண இரும்பு பட்டென்று ஒட்டும், நல்ல எஃகு ஒட்டாது, அல்லது பட்டும் படாமல் ஒட்டும். 12 மி.மீ. பலகைக்கு 8 முதல் 10 மி.மீ. கால் நீளம் சரி.

தைத்த உறையை அடிக்கும் முன் கால் மணி நேரம் வெயிலில் போடுங்கள், இளகி நன்றாக இழுபடும். பிறகு ஸ்பஞ்சின்மேல் போர்த்தி, பலகையைக் கவிழ்த்து, முன்பக்க நடுவில் ஒன்று, எதிரே பின்பக்க நடுவில் ஒன்று, இடது நடு, வலது நடு என்று அடியுங்கள். அங்கிருந்து மூலையை நோக்கி மாற்றி மாற்றிப் போங்கள். ஒரே பக்கத்தை முழுதாக அடித்து முடித்தால் மறுபக்கம் கோணும். மூலைகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உபரி வினைலைச் சிறு சிறு மடிப்பாகப் பிடித்து ஒவ்வொன்றின்மேலும் ஒரு ஸ்டேப்பிள். பெரிய மடிப்பு ஒன்றாகப் போட்டால் மூலை துருத்திக்கொண்டு நிற்கும். வடிகால் துளைகளை மூடிவிடாமல் வினைலின் ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

படகின் உட்சுவரில் ஒட்டும் வினைலுக்குப் பழைய பசையைச் சுரண்டியெடுப்பதுதான் முழு வேலையும். சுத்தமான ஃபைபரிலும் வினைலின் பின்புறத்திலும் பசை பூசி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டு போங்கள். மழை இருட்டும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். உயிர்காப்பு அங்கிகள் இருக்கும் பெட்டியின் மூடி, பழையபடி ஒரே கையால் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடைசி ஸ்குரூவை முடுக்க வேண்டும்.

பிறகு

ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மணல்திட்டில் இறங்கி ஏறுகிறவர்கள் கொண்டுவரும் மணல் தையல் நூலை அராவும், உப்பு படிந்தால் இன்னும் மோசம். பிறகு இருக்கைகளை ஓரத்தில் நிமிர்த்தி வைத்துக் காற்றாட விடுங்கள். குளோராக்ஸ் போன்ற வெளுப்பு மருந்து நூலையும் வினைலையும் ஒருசேரக் கெடுக்கும். சோப்புத் தண்ணீரும் மிருதுவான பிரஷும் போதும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதையும் வினைலில் தொடாதீர்கள். கொசு மருந்திலும் கவனம் வேண்டும். டீட் கலந்த மருந்தைத் தடவிய கை பட்ட இடத்தில் வினைல் பிசுபிசுத்துப் போகும். மின்மினி பார்க்கப் பயணிகளை ஏற்றிப் போகிறவர்கள், மருந்து தடவினால் அது காய்ந்த பிறகு ஏறச் சொல்லுங்கள்.

உரித்துப் போட்ட பழைய ஸ்பஞ்சையும் வினைலையும் மூட்டையாகக் கட்டிக் குப்பை லோரிக்குக் கொடுங்கள், ஆற்றோரம் கொட்டாதீர்கள், அங்கேயே எரிக்கவும் வேண்டாம். கம்போங் குவாந்தானில் மின்மினிகள் அமரும் பெரெம்பாங் மரங்களின் காலடிச் சேற்றில்தான் அவற்றின் புழுக்கள் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. நம் ஸ்பஞ்ச் துண்டுகள் போய்ச் சேரும் இடமாக அந்தச் சேறு ஆகிவிடக் கூடாது.