ஆண்டாள் கொண்டை போடக் கற்றுக்கொள்வோம்



சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குகிறார் அல்லவா? அதற்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை தல்லாகுளத்துக்கு வந்து சேரும். அந்த மாலையை அணிந்துதான் அழகர் ஆற்றில் இறங்குவார். மாலையைப் போலவே ஆண்டாளின் சாய்ந்த கொண்டையும் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். மார்கழியில் திருப்பாவைப் போட்டி, ஆடிப்பூரம், பள்ளி ஆண்டு விழா என்று வந்துவிட்டால், "பிள்ளைக்கு ஆண்டாள் கொண்டை போடணும், யாருக்குத் தெரியும்?" என்று தேடுகிறார்கள். சில குடும்பங்களில் மணப்பெண்ணுக்கும் இதே கொண்டைதான். நம் ஊர்ப் பெண்கள் கற்றுக்கொண்டால், வெளியே போகும் காசு நம் குழுவுக்குள்ளேயே வரும்.

முடியை நெளிய வைப்பது எப்படி?

நேரான முடியில் கொண்டை போட்டால் வழுக்கி அவிழ்ந்துவிடும், சின்னதாகவும் தெரியும். முடியை நெளிநெளியாக்கினால் அடர்த்தியாகத் தெரியும், ஊசியும் பிடித்து நிற்கும். இதற்குத்தான் அழகு நிலையங்களில் கிரிம்பிங் மெஷின் வைத்திருக்கிறார்கள். மெஷின் இல்லாமலும் செய்யலாம்.

முடி ஈரமாகும்போது அதன் உள்ளே இருக்கும் சில பிணைப்புகள் தளர்ந்துவிடும். காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அந்த வடிவத்திலேயே மறுபடி இறுகிக்கொள்ளும். சடையை அவிழ்த்தால் முடி நெளிந்திருப்பது இதனால்தான். மறுபடி தண்ணீர் பட்டால் நெளிவு போய்விடும்.

1. முதல் நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் விடுங்கள்.
2. முக்கால்வாசி காய்ந்ததும் 15 முதல் 20 மெல்லிய சடைகளாகப் பின்னுங்கள். சடை எவ்வளவு மெல்லிசோ, நெளிவும் அவ்வளவு நெருக்கமாக வரும்.
3. இரவு முழுக்க நன்றாகக் காயட்டும்.
4. காலையில் அவிழ்த்து விரலால் மட்டும் கோதுங்கள். சீப்புப் போட்டு வாரினால் பரட்டையாகிவிடும்.

மெஷின் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஈர முடியில் ஒருபோதும் வைக்காதீங்க. உள்ளே இருக்கும் தண்ணீர் சூட்டில் ஆவியாகி முடியைப் பிளந்துவிடும். உச்சந்தலையிலிருந்து ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்து, சில விநாடிகளில் எடுத்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மெஷின் வேண்டவே வேண்டாம். அவர்கள் தலையைத் திருப்பினால் காது சுட்டுவிடும். அவர்களுக்குச் சடை முறையே போதும்.

கொண்டை போடும் முறை

தேவையானவை: வால் சீப்பு, கறுப்பு ரப்பர் பேண்டு, ஹேர்பின், கொண்டை ஊசி, கறுப்பு வலை, சவுரி முடி, பூச்சரம், நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை.

1. நடுவகிடு எடுத்து, முன்முடியை இரண்டு பக்கமும் காதை ஒட்டிப் படிய வாருங்கள்.
2. மொத்த முடியையும் உச்சியில், ஒரு பக்கமாகச் சாய்த்து, ரப்பர் பேண்டால் கட்டுங்கள். எந்தப் பக்கம் வேண்டும் என்று ஆண்டாள் படத்தை வைத்து வீட்டாரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.
3. சவுரி முடியை உருண்டையாகச் சுருட்டி வலைக்குள் வைத்து, கட்டின இடத்தில் ஊசியால் பொருத்துங்கள்.
4. நெளிந்த முடியை நான்கு பாகமாகப் பிரித்து, உருண்டை தெரியாதபடி சுற்றி மூடி, ஒவ்வொரு பாகத்துக்கும் ஊசி குத்துங்கள்.
5. மேலே இன்னொரு வலை போட்டுப் பூச்சரத்தைச் சுற்றுங்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி நம் கையிலேயே இருக்கிறது. மொட்டாகக் கட்டினால் மாலை நேரத்தில் மேடையில் விரியும்.
6. கடைசியில் நெற்றிச்சுட்டி, பிரபைகள்.

எத்தனை ஊசி குத்தினோம் என்று எண்ணி வையுங்கள். அவிழ்க்கும்போது அத்தனையும் வெளியே வர வேண்டும்.

உடம்புக்கும் கவனம்

இழுத்துக் கட்டினால்தான் நிற்கும் என்று நினைக்காதீங்க. அடிக்கடி இறுக்கிக் கட்டினால் நெற்றியோர முடி உதிரும், பல நாள் தொடர்ந்தால் திரும்ப முளைக்காமலே போகலாம். "வலிக்குது" என்று பிள்ளை சொன்னால் உடனே தளர்த்துங்கள். ஒரு தலைக்குப் போட்ட சீப்பை அடுத்த தலைக்குப் போடும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பேன், புண் எல்லாம் சீப்பு வழியாகவும் பரவலாம்.

வரவு செலவு

எடுத்த எடுப்பில் கடன் வாங்கி மெஷின் வாங்க வேண்டாம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: சீப்பு, ஊசி, வலை, சவுரிக்கு 1,000 ரூபாய் செலவு என்று வைப்போம். பூச்செலவு போக ஒரு கொண்டைக்கு 200 ரூபாய் மிஞ்சினால், ஐந்து கொண்டையில் போட்ட முதல் வந்துவிடும். அதற்குப் பிறகு வரும் வருமானத்தில் மெஷின் வாங்கலாம். முகூர்த்த நாளில் பூ விலை ஏறும், அதனால் பூவுக்குத் தனியாகக் காசு பேசிக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கி நோட்டில் எழுதுங்கள்.

இதையும் பேசுவோம்

கணவரை இழந்த சகோதரிகள் மணப்பெண் தலையில் கை வைக்கக் கூடாது என்று சில வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். தொழில் கற்ற கைக்குத் தாலியைப் பார்த்தா கூலி கொடுப்பது? அவர்களுக்குத்தான் வருமானம் அதிகம் தேவை. கல்யாண வேலை பேசும்போதே, "எங்கள் குழுவில் யார் வந்தாலும் வருவோம், வேலைக்கு நாங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிடுவோம். ஒருத்தியாகச் சொன்னால் தட்டிவிடுவார்கள், குழுவாகச் சொன்னால் கேட்பார்கள்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

* இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் தலையில் ஒருவர் கொண்டை போட்டுப் பழகுங்கள்.
* ஒரு மணி நேரம் ஓடியாடி வேலை பார்த்த பின்னும் கொண்டை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால்தான் வெளிவேலைக்குப் போகலாம்.
* நம் ஊரில் எந்தெந்த மாதம் இந்த வேலை வரும், என்ன கூலி கேட்கலாம், கணவரை இழந்த சகோதரிகளை எப்படி முன்னே அனுப்பலாம் என்று பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

கை பழகப் பழகத்தான் கொண்டை படியும். இந்த மாதமே தொடங்குவோம்.