பள்ளிக்கு வராத தோழிக்கு நீ செய்யக்கூடியது

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் வந்தது. உன்னோடு பிளஸ் ஒன் படிக்கிற தோழி பள்ளிக்கே வருவதில்லை, பார்க்கப் போனால் எரிந்து விழுகிறாள், வகுப்பில் எல்லோரும் "திமிர் பிடித்தவள்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவளை நாலு பேர் சேர்ந்து அடித்து மிரட்டியது உனக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சை நீ நம்பாதே.

அடிபட்ட பிள்ளையின் உடம்பு, ஆபத்து நீங்கிய பிறகும் பதறிக்கொண்டே இருக்கும். கதவைப் படீரென்று சாத்தினால் தூக்கிவாரிப்போடும். ராத்திரி தூக்கம் பிடிக்காது. புத்தகத்தை விரித்தால் கண் வரியில் இருக்கும், காது வாசலில் இருக்கும். பாடம் எப்படி ஏறும்? மார்க் சரியும். சிலர் வாயடைத்துப் போவார்கள், சிலர் தொட்டதற்கெல்லாம் சண்டைக்கு வருவார்கள். இதைக் குணம் என்று முத்திரை குத்திவிட்டால் காயத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துப் பார். பிளஸ் டூ படித்த தலித் மாணவன் ஒருவன், உடன் படித்தவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஆசிரியர்கள் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆத்திரத்தில் கொடுமை செய்த மாணவர்கள் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அந்த மாணவன் அதே ஆண்டு பிளஸ் டூ தேறினான்.

"வெளியே சொன்னதால் வந்த வினை" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அவன் சொன்னது சரி. சொன்னவனுக்குப் பாதுகாப்பு கொடுக்கத் தவறியது பெரியவர்களின் குற்றம். ஆகவே உன் தோழிக்காக ஆசிரியரிடம் பேசும்போது இதையும் கேள்: அடித்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்த பிறகு, அவள் வீட்டுக்குப் போகும் வழியில் துணைக்கு யார் இருப்பார்கள்? பதில் சரியாக வராவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழை. பதினெட்டு வயதுக்குட்பட்ட யார் வேண்டுமானாலும் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். அவளுக்காக நீயும் பேசலாம்.

அவளைப் பார்க்கப் போகும்போது விட்டுப்போன பாடங்களின் நோட்டைக் கொண்டுபோ. என்ன நடந்தது என்று துருவாதே. அவளாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேள். "நீ ஏன் திருப்பி அடிக்கல?" என்று மட்டும் கேட்டுவிடாதே, அந்தக் கேள்வி பழியை அவள் தலையிலேயே போட்டுவிடும்.

இந்தப் பாரத்தை நீ ஒருத்தியே சுமக்க வேண்டாம். அவள் அம்மாவிடம் என் நம்பரைக் கொடு. அவர் பள்ளிக்குப் போகும் அன்று நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அத்தை