முதலில் ஆணி, பிறகு கருவி

கருவிக் கடன் நாடி வங்கிக்கு வரும் தச்சர்களின் விலைப்புள்ளிகளில் அண்மைக்காலமாக ஒரு புதிய இனம் இடம்பெற்று வருகிறது: பேட்டரியில் இயங்கும் நெயில் கன். கம்ப்ரசரும் நீண்ட காற்றுக்குழாயும் இன்றி, ஒரு கையால் பற்றி விசையை அழுத்தினால் ஆணி மரத்துக்குள் இறங்கிவிடும். வேலை விரைவுபடும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விலை, காற்றில் இயங்கும் நெயில் கன்னின் விலையைப் போலப் பல மடங்கு. எனவே தவறாகத் தேர்ந்தவர், கருவியைப் பெட்டியில் பூட்டிவிட்டுத் தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருக்க நேரும்.

பெங்களூருவில் நான் பணியாற்றியபோது ஒரு வாடிக்கையாளருக்கு அப்படித்தான் நேர்ந்தது. அடுக்குமாடி வீடுகளில் அலமாரி வேலை செய்பவர். "சார், பெரிய ஆணி போகிற மிஷினாக வாங்கினால் சின்ன வேலைக்கும் ஆகும்" என்று 16 கேஜ் கருவியை வாங்கினார். அவருடைய அன்றாட வேலையோ மெல்லிய பீடிங் அடிப்பது. அடித்த பீடிங் பலவும் ஓரத்தில் பிளந்தன. நான்கே மாதத்தில் கருவியைப் பாதி விலைக்குக் கைமாற்றினார். கடன் மட்டும் எஞ்சியது. நல்ல வேலைக்காரர், பிழை கையில் இல்லை, வாங்கிய வரிசையில்தான் இருந்தது. ஆணியை முடிவு செய்யாமல் கருவியை முடிவு செய்துவிட்டார்.

கேஜ் எண் கூடக்கூட ஆணி மெலியும் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 23 கேஜ் என்பது ஏறத்தாழ தலையே இல்லாத குண்டூசி போன்றது. பசை காயும் வரை மெல்லிய அலங்காரப் பட்டையைப் பிடித்து வைக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது. பீடிங், அலமாரியின் பின்பலகை, இழுப்பறை ஆகியவற்றுக்கு 18 கேஜ் பொருந்தும். கதவு நிலையைச் சுற்றிய சட்டம், தரையோரச் சட்டம் போன்ற கனமான பகுதிகளுக்கு 16 அல்லது 15 கேஜ் தேவை. உட்புற அலங்கார வேலை செய்வோர் ஒன்றே ஒன்று வாங்குவதாயின், 18 கேஜ்தான் அதிக நாள் கையில் இருக்கும் என்பது என் கருத்து.

நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பொருத்தும் பலகையின் தடிமனைப் போல் மூன்று மடங்கு நீளம் என்பது பழைய நெறி. ஆனால் 12 மி.மீ. சட்டத்தை 19 மி.மீ. பிளைவுட்டில் அடிப்பதாக எண்ணிப் பாருங்கள். மூன்று மடங்கு என்றால் 36 மி.மீ.; இரண்டின் மொத்தத் தடிமனோ 31 தான். ஆணி மறுபுறம் தலைகாட்டிவிடும். அங்கே 25 மி.மீ. ஆணியும் பசையுமே ஏற்றவை. நம் கடைகளில் 18 கேஜ் ஆணி 'எஃப்' வரிசையிலும், 16 கேஜ் 'டி' வரிசையிலும் கிடைக்கும்; எஃப் 30 என்றால் 30 மி.மீ. நீளம். சில கருவிகள் சாய்வாக அடுக்கிய ஆணியை மட்டுமே ஏற்கும். அது தங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

உள்ளமைப்பிலும் வேறுபாடு உண்டு. சில கருவிகளில் மோட்டார் ஒரு சக்கரத்தைச் சுழற்றி அதன் வேகத்தால் ஆணியைத் தள்ளும். முதல் ஆணிக்கு ஒரு நொடித் தயக்கம் இருக்கும். வேறு சிலவற்றில் உருளைக்குள் அடைத்த காற்றோ நைட்ரஜனோ வில்போல் விசை தரும். அடி உடனே விழும், கசிவு நேர்ந்தால் பழுதுநீக்கும் மையத்தைத்தான் நாட வேண்டும். எரிவாயுக் குப்பியில் இயங்குபவையும் உள்ளன. குப்பிக்குக் காலாவதித் தேதி உண்டாதலால், எப்போதாவது பயன்படுத்துவோருக்கு அவை வீண் செலவு.

ஜோத்பூரிலோ சஹாரன்பூரிலோ உள்ளது போல ஒரே கூரையின்கீழ் நாள் முழுதும் வேலை நடக்கும் பட்டறைக்கு, கம்ப்ரசரும் காற்று நெயில் கன்னுமே சிக்கனம். கையில் எடையும் குறைவு. பேட்டரிக் கருவி பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரை இருக்கும். அண்ணாந்து அடிப்போருக்கு அது தெரியும். மாறாக, குடியிருக்கும் வீடுகளில் ஒருநாள், இருநாள் வேலை செய்து நகர்வோருக்குக் கம்ப்ரசரின் இரைச்சலும், படியேற்றும் சுமையும், தற்காலிக மின்னிணைப்பின் தொல்லையும் நீங்குவது பெரும் ஆதாயம். தங்களிடம் ஏற்கெனவே 18 வோல்ட் டிரில் இருப்பின், அதே பேட்டரி பொருந்தும் கருவியைத் தேடுங்கள். பேட்டரியும் சார்ஜரும் விலையில் பெரும்பகுதி.

இனி கடன் கணக்கு. கருவி, பேட்டரி, ஆணி யாவும் சேர்ந்து 40,000 ரூபாய் என்று ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். 5 விழுக்காடு வட்டியில் 18 மாதங்களுக்கு மாதத்தவணை ஏறத்தாழ 2,311 ரூபாய். இக்கருவியால் மாதத்தில் உதவியாளர் கூலி எத்தனை நாள் மிச்சமாகும் என்று தாங்களே கணக்கிடலாம். தவணைக்கு அது எட்டவில்லையெனில் வாங்குவதைத் தள்ளிப்போடுவதில் இழுக்கில்லை.

அந்த 5 விழுக்காடு கற்பனையன்று. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தச்சுத்தொழிலும் ஒன்று. திறன் மதிப்பீட்டுக்குப் பின் 15,000 ரூபாய் வரை கருவிகளுக்கான மின்னணு உறுதிச்சீட்டும், அடிப்படைப் பயிற்சி முடித்தோருக்கு முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாய் வரை பிணையில்லாக் கடனும் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கே பதிவு. சரக்கு மற்றும் சேவை வரியில் முறையான பதிவு உடையோர், நிறுவனத்தின் பெயரிலேயே விலைச்சீட்டு பெற்றால் செலுத்திய வரியை உள்ளீட்டு வரவாகக் கோரலாம். தொகுப்பு முறையில் இருப்போருக்கு அவ்வசதி இல்லை.

பாதுகாப்பைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆணி மரநாரின் போக்கில் வளைந்து பக்கவாட்டில் வெளிவரக்கூடும். பிடிக்கும் கை ஆணியின் நீளத்துக்கும் அப்பால் இருக்கட்டும். கண்ணாடி அணியாமல் அடிக்கலாகாது. சிக்கிய ஆணியை எடுக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மூக்குப்பகுதி பட்டவுடன் அடிக்கும் முறையைவிட, ஒவ்வொரு முறையும் அழுத்தி, பின் விசையை இழுக்கும் முறையே மெல்லிய வேலைக்கு உகந்தது.

யமுனாநகர்ப் பிளைவுட்டின் உட்புறத்தில் பாப்ளர் போன்ற மென்மரம் மிகுதி. அதில் ஆணி ஆழ்ந்துவிடும். பழந்தேக்கில் அதே அளவீட்டில் தலை வெளியே நிற்கும். ஆழத்தைத் திருத்தும் திருகு எளிதில் சுழல்கிறதா என்று கையால் திருகிப் பாருங்கள். கடைக்குச் செல்லும்போது தாங்கள் வழக்கமாக அடிக்கும் மரத்தில் இரு துண்டுகளை எடுத்துச் சென்று, விலைச்சீட்டு எழுதுமுன் பத்து ஆணியாவது அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.