கிரோன் நோய் இருந்தால் சிசேரியன்தானா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஐந்து வருடமாகக் கிரோன் நோய் இருக்கிறது. முதலில் குடல் டிபி என்று ஆறு மாதம் மருந்து சாப்பிட்டேன். குறையவில்லை, பிறகுதான் கிரோன் என்று தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் பவுத்திரம் வந்து ஆபரேஷன் செய்து நூல் போட்டார்கள். நூலை எடுத்தாகிவிட்டது, இப்போது சீழ் இல்லை. தினமும் அசாதயோப்ரின் மாத்திரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி. இப்போது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். தேதி கார்த்திகை தீபத்தை ஒட்டி வருகிறது. இங்கே பார்க்கும் டாக்டர், "இந்த நோய்க்கு சிசேரியன்தான்" என்கிறார். மாமியார், "நம்ம வீட்டுல யாருக்கும் வயித்தைக் கிழிச்சதில்ல" என்கிறார். அம்மாவோ தீபம் முடிந்ததும் நல்ல நேரம் பார்த்து எடுத்துவிடலாம் என்கிறார். மாத்திரை பிள்ளைக்கு ஆகாது, நிறுத்து என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வெளியிட வேண்டாம், திருவண்ணாமலை

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு பேர் பேசுகிறார்கள். அந்த நால்வரில் ஒருவராவது உங்கள் ஆசனவாயைச் சமீபத்தில் பரிசோதித்ததாகக் கடிதத்தில் இல்லை. உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

கிரோன் என்ற பெயரே சிசேரியனுக்குக் காரணம் ஆகிவிடாது. நோய் சிறுகுடலிலோ பெருங்குடலிலோ இருந்து, அடங்கியும் இருந்தால், சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. ஆசனவாயைச் சுற்றி நோய் கிளர்ந்திருந்தால் கதை வேறு. சீழ்க்கட்டி, ஒழுகும் பவுத்திரம், ஆறாத புண், மலக்குடலிலிருந்து பிறப்புறுப்புக்குத் திறந்த துளை, இவற்றில் ஏதாவது இருந்தால் சிசேரியன்தான் நல்லது. குடல் நோய் மருத்துவர்களின் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்வதும் இதுதான்.

ஏன் என்று புரிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் தலை இறங்கும்போது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள சதை முழுவதும் இழுபடுகிறது. தலைப்பிரசவத்தில் அது கொஞ்சமாவது கிழிவது சகஜம், தையல் போட்டால் சில வாரங்களில் ஆறிவிடும். நோய் பிடித்த சதையில் அப்படி ஆறாது, தையல் போட்ட இடமே புதுப் பவுத்திரமாக வழி பிடிக்கலாம். கிழிசல் மலத்தை அடக்கும் தசைவளையம்வரை போய்விட்டால் இன்னும் மோசம். மற்றவர்களுக்கு மலம் கெட்டியாகப் போவதால் தசை சற்றுத் தளர்ந்தாலும் சமாளித்துவிடுவார்கள். நோய் கிளம்பும் நாளில் உங்களுக்கு நீராகப் போகும். அதை அடக்க அந்தத் தசை முழு பலத்தோடு வேண்டும்.

உங்கள் நிலைமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பவுத்திரம் இருந்தது, இப்போது காய்ந்திருக்கிறது. இந்த இடத்தில் மருத்துவர்களே ஒரே மாதிரி சொல்லமாட்டார்கள். என் கணக்கு இது: பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். ஒரே பவுத்திரம், தசைவளையத்துக்குக் கீழோடு போனது, மலக்குடலிலும் இப்போது புண் இல்லை என்றால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். தசையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தாலோ, பல கிளைகள் இருந்தாலோ நான் சிசேரியன் பக்கம்தான் சாய்வேன். சந்தேகம் இருந்தால் சாயம் ஏற்றாத எம்ஆர்ஐ எடுக்கலாம், பிள்ளைக்குக் கெடுதல் இல்லை.

பிரசவ டாக்டர் முன்பக்கம் பார்ப்பார், குடல் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பார். இரண்டுக்கும் இடையில் உள்ள நாலு விரல் இடத்தை யாரும் பார்ப்பதில்லை, கூச்சத்தில் நாமும் காட்டுவதில்லை. இந்த மாதமே போய்க் காட்டுங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரும் அறுவை சிகிச்சை மருத்துவரும் இருக்கிறார்கள். குடல் நோய்க்கென்றே தனித் துறை வேண்டுமென்றால் வேலூர் சிஎம்சி 80 கிலோமீட்டர் சொச்சம், புதுச்சேரி ஜிப்மர் அதைவிடச் சற்றுத் தூரம். எங்கே போனாலும் குடல் மருத்துவரும் பிரசவ மருத்துவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும்.

உங்கள் மாமியாரின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியாரில் 64, அரசு மருத்துவமனையில் 36. இத்தனை பேருக்கும் அது தேவைப்பட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. கிரோன் உள்ளவருக்குப் பின்னாளில் குடலில் ஆபரேஷன் தேவைப்படலாம், சிசேரியனால் உள்ளே ஒட்டிக்கொண்ட சதை அப்போது தொல்லை கொடுக்கும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். குடல் அழற்சி, கர்ப்பம், ஆபரேஷன் மூன்றும் சேர்கிறதே! சிசேரியன் என்று முடிவானால் ஹெப்பாரின் ஊசி வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

சுகப்பிரசவம் என்றால் பிரசவ அறையில் சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எனிமா வேண்டாம், யாருக்கும் அது வழக்கமாகத் தேவையில்லை, உங்களுக்கு உபத்திரவம். அவசியமில்லாமல் கீழே கத்திரி போட வேண்டாம். வலிக்காக ஆசனவாயில் வைக்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரை பல இடங்களில் கேட்காமலே வைக்கப்படும், அதற்குப் பதில் பாரசிட்டமால் கேளுங்கள். வலி வரவழைக்க விளக்கெண்ணெய் கொடுப்பேன் என்று எந்தப் பாட்டி வந்தாலும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் ஆகவே ஆகாதது மெத்தோட்ரெக்சேட், அது நீங்கள் சாப்பிடவில்லை. அசாதயோப்ரினைத் தொடரலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம். பயந்து மருந்தை விட்டவர்களுக்கு நோய் கிளம்பி, குறைமாதத்தில் பிரசவமாவதைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம்.

அடாலிமுமாப் ஊசியையும் நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள், கடைசி ஊசி எப்போது என்பதைக் குடல் மருத்துவர் குறிப்பார். ஆனால் அந்த மருந்து தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குள் போய்ச் சில மாதம் தங்கும். நம் ஊரில் பிறந்தவுடனே பிசிஜி ஊசியும் போலியோ சொட்டும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தவை. இதே வகை மருந்தான இன்ஃப்லிக்ஸிமாப் எடுத்த ஒரு கிரோன் தாயின் பிள்ளை, மூன்று மாதத்தில் பிசிஜி போட்ட பிறகு அந்தக் கிருமி உடம்பெங்கும் பரவி, நாலரை மாதத்தில் இறந்த செய்தி 2010-இல் பிரிட்டனிலிருந்து மருத்துவ இதழில் வெளியானது. ஆகவே இவற்றைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஆறாவது வாரத்தில் வரும் ரோட்டா சொட்டு பற்றியும் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி ஊசிக்குத் தடையில்லை. உங்கள் தாய்-சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் நோய், மருந்து, "பிசிஜி கேட்டுப் போடவும்" என்ற மூன்றையும் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். பிரசவ நேரத்தில் வார்டில் இருக்கும் நர்ஸம்மாவுக்கு உங்கள் கதை தெரியாது.

இனி தீபம். சிசேரியன்தான் என்றால் 39 வாரம் முடிந்த பிறகு அம்மா தாராளமாக ராகுகாலம் பார்க்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. நட்சத்திரத்துக்காக 37-ஆம் வாரத்திலேயே எடுத்தால் மூச்சுத் திணறலோடு பிள்ளை இன்குபேட்டருக்குப் போக நேரலாம். தீபத்தன்று ஊருக்குள் லட்சக்கணக்கில் கூட்டம், பஸ்களை வெளியிலேயே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிடுவார்கள். வேலூரில் பிரசவம் என்று முடிவானால் ஒரு வாரம் முன்பே அங்கே போய்விடுங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் இந்த வருடம் வேண்டாம். பாதையில் கழிப்பறைக்கு நிற்கும் வரிசையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். மெசலமின் மட்டும் சாப்பிடுகிறேன், ஒரு வருடமாக ரத்தப்போக்கு இல்லை. ஐந்தாம் மாதம். எனக்கும் சிசேரியன்தானா?
- ஒரு வாசகி, செங்கம்

பதில்: இல்லை. நோய் அடங்கியிருக்கிறது, ஆசனவாயைச் சுற்றிப் பவுத்திரம் வருவதும் உங்கள் நோயில் அரிது. மெசலமினைத் தொடருங்கள். மற்றப் பெண்களுக்கு எந்தக் காரணத்துக்காகச் சிசேரியன் செய்வார்களோ, அதே காரணம் வந்தால் மட்டும் உங்களுக்கும் செய்யட்டும். பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலில் பை தைத்துக் கீழே இணைத்தவர்களுக்கு மட்டும் சிசேரியன் பற்றித் தனியாக யோசிப்போம். நீங்கள் அந்த வகை இல்லை. இடையில் ரத்தம் கலந்து போனால் அதை மூலம் என்று நினைத்து மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவாமல், அன்றே குடல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.